நாலு பெயரில் ஒரு வீடு

மயிலாப்பூரில் பழைய வீட்டை விற்கப் போகிறோம் என்று சொன்னால் தரகர் முதலில் விலையைக் கேட்க மாட்டார். "கோயில் மனையா, சொந்த மனையா?" என்பார். அந்தப் பக்கம் மனை கோயிலுடையது, மேலே இருக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது என்ற வீடுகள் ஏராளம். கோயில் நிலம் என்று குறித்த சர்வே எண்ணுக்குக் கிரயப் பத்திரம் பதிய முடியாது. "சொந்த மனைதான், தாத்தா 1948இல் வாங்கினது" என்றேன் மிடுக்காக. "சரி சார், பேப்பரைக் காட்டுங்க" என்றார்.

காட்டி முடிக்கப் பதினாலு மாதம் ஆயிற்று.

வீடு பெரிதில்லை. அகலம் 18 அடி, நீளம் 90 அடி. முக்கால் கிரவுண்டுக்கும் குறைவு. திண்ணை, ரேழி, முற்றம், கொல்லையில் கிணறு. காகிதங்களை மேஜையில் பரப்பிப் பார்த்தபோதுதான் தலை சுற்றியது. கிரயப் பத்திரமும் மின் இணைப்பும் தாத்தா பெயரில். சொத்து வரி பாட்டி பெயரில். குடிநீர் வரி அப்பா பெயரில். நகர நில அளவைப் பதிவேட்டிலோ, தாத்தாவுக்கு வீட்டை விற்றவரின் பெயர் அப்படியே இருந்தது. நால்வரும் இன்று இல்லை. கதவு எண்ணும் மூன்று: பத்திரத்தில் ஒன்று, வரி ரசீதில் ஒன்று, வாசலில் ஒன்று. சென்னையில் 'பழைய எண், புதிய எண்' என்று விலாசம் எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் மூன்றும் ஒரே வீடுதான் என்று எழுத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்குக் கைகொடுத்தது பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த செக்குபந்தி, அதாவது நாலு பக்கமும் எது எல்லை என்ற விவரம்தான். நாலு எல்லையில் இரண்டு இன்னும் மாறாமல் இருந்தன.

வாரிசுகள் விஷயம் எளிதாகவே முடிந்தது. தாத்தா உயில் எழுதாமல் போனவர். சுயமாக வாங்கிய சொத்து என்பதால் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அத்தைகளுக்கும் அப்பாவுக்கும் சமபங்கு. "உயில் இல்லாததே நல்லது" என்றார் வக்கீல். சென்னை நகருக்குள் இருக்கும் சொத்துக்கு இந்து ஒருவர் எழுதிய உயில் என்றால், அது செல்லும் என்று உயர் நீதிமன்றத்தில் ப்ரொபேட் என்னும் சான்று வாங்கியாக வேண்டும் என்பதுதான் அப்போதைய நிலை. சின்ன அத்தை, காலமான பெரிய அத்தையின் இரண்டு பிள்ளைகள், அம்மா, நான், நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் என ஆறு கையெழுத்து.

வாங்க வந்தவர்கள் அதே பேட்டையில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம். அவர்களுக்கு முன் வந்த ஒருவர் பத்திரத்தில் பாதி, கையில் பாதி என்றார். அம்மாவுக்கு வேறு வீடு வாங்கித்தான் வருமான வரி விலக்குப் பெற வேண்டும், கணக்கில் வராத பணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வேண்டாம் என்றுவிட்டேன். இவர்கள் வங்கிக் கடனில் வாங்குவதால் அந்தப் பேச்சே எழவில்லை. ஆனால் வங்கி வக்கீல் வந்து சேர்ந்தார்.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது வில்லங்கச் சான்று. இணையத்தில் 1975 முதலானது கிடைக்கிறது. எங்களுடையது சுத்தமாக இருந்தது. அவர் அதற்கும் முந்தையதைக் கேட்டார். மனுப்போட்டு வாங்கினால், அதில் 1962ஆம் ஆண்டு அடமானம் ஒன்று! தீர்த்ததற்கான ரசீது பதியப்படவே இல்லை. அறுபது வருஷத்துக்கு முந்தைய கடன். காலாவதி ஆகிவிட்டது என்று எங்கள் வக்கீல் சொன்னாலும் வங்கி வக்கீல் அசையவில்லை. அம்மா தூக்கத்தை இழந்தாள்.

சின்ன அத்தைக்கு ஃபோன் போட்டேன். "அந்தக் கடனே என் கல்யாணத்துக்குத்தான்டா" என்று சிரித்தாள். "தெருக்கோடி பாத்திரக்கடைக்காரர்கிட்ட வாங்கினது. என் ரெண்டாவது பிள்ளை பிறக்கறதுக்குள்ள அப்பா அடைச்சுட்டார். அந்தப் பத்திரத்தைத் திருப்பி வாங்கிண்டு வந்து ஸ்வாமி அலமாரில வெச்சார், பாரு." அலமாரியில் பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவே இருந்தது. பின்பக்கம் ஊதா மையில் 'பைசல்', தேதி, கையெழுத்து. அதோடு நாங்கள் எல்லோரும் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் எழுதிக் கொடுத்த பிறகுதான் வங்கி இறங்கி வந்தது.

அண்ணனின் பங்கு வேறு மாதிரித் தலைவலி. ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ விலை போனால் வாங்குபவர் விலையிலிருந்து ஒரு சதவீதத்தை டி.டி.எஸ். என்ற வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் விகிதம் எங்கேயோ போகிறது. வாங்குபவருக்குப் பான் போதாது, வரி பிடித்துக் கட்டுபவருக்கான டான் எண்ணும் அப்போது வேண்டியிருந்தது. அவர் மிரண்டுவிட்டார். அதனால் அண்ணன் அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, அவன் சார்பில் நான் கையெழுத்திட எனக்குப் பவர் பத்திரம் அனுப்பினான். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். விற்பவர்களில் அவன் இல்லாதபடி, அந்தப் பவரை வைத்து அவன் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதினேன். அது 2023 ஜூன். குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை உச்சவரம்பு 25,000 ரூபாய்; ஜூலை 10 முதல் 40,000 ஆக்கிவிட்டார்கள். ஏதோ ஒன்றிலாவது தப்பித்தோம்.

பொதுச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு உத்திரம் நம் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். வாங்குபவர்கள் எங்கள் வீட்டை இடித்தால் தன் கூரை என்னாவது என்று பக்கத்து வீட்டு மாமா தினமும் வாசலில் வந்து நின்றார். சுவரைத் தொடுவதில்லை என்று கிரயப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்த பிறகுதான் காபி குடிக்க உள்ளே வந்தார்.

பதிவு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு என ஒன்பது சதவீதத்தை வாங்கியவர்கள் கட்டினார்கள். எண்பது வயது அத்தையின் கைரேகையைக் கருவி ஏற்க நாலு முறை ஆயிற்று. "பாத்திரம் தேச்ச கைடா" என்றாள்.

அம்மாவுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பழைய ஃபிளாட் வாங்கினோம். மனையில் அந்த ஃபிளாட்டுக்குரிய பிரிபடாத பாகம் எவ்வளவு, முந்தைய அடமானம் ஏதும் உண்டா என்று இந்த முறை நான்தான் துருவினேன்.

புதிய வீட்டுக்காரர்கள் பட்டாவையும் வரியையும் மாற்றிவிட்டார்கள். மின் இணைப்பை மட்டும் இன்னும் மாற்றவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாத்தா பெயரில் என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. அப்படியே அவர்களுக்கு அனுப்பிவிடுகிறேன். போன முறை ஏ.சி. போட்டிருப்பார்கள் போல, தொகை இரண்டு மடங்கு.