கியூசெக்கும் டி.எம்.சி.யும் எனக்குப் பிடிபட்ட விதம்

குரூப் 2 தேர்வுக்கு முதல்முறை படித்தபோது, நீர்வளம், சுற்றுச்சூழல் பகுதிக்காக ஒரு ஜெராக்ஸ் நோட்ஸை வாங்கி, சொல்லும் பொருளுமாக உருப்போட்டேன். அதில் 'ஒரு கியூசெக் = 28.3 லிட்டர்' என்று அச்சாகியிருந்தது. 'நொடிக்கு' என்ற சொல் விட்டுப்போனதை நானும் கவனிக்கவில்லை, பாடம் எடுத்தவரும் கவனிக்கவில்லை. மாதிரித் தேர்வில் மூன்று கேள்விகள் அதிலேயே போயின.

இரண்டாம் முறை நோட்ஸை மூடிவைத்துவிட்டு, பேப்பரில் தினமும் வரும் மேட்டூர் அணைச் செய்தியைப் பிடித்துக்கொண்டேன். நான்கு வரிதான். நீர்மட்டம் அடியில், இருப்பு டி.எம்.சி.யில், வரத்தும் திறப்பும் நொடிக்கு இத்தனை கன அடி என்று, அதாவது கியூசெக்கில். கியூசெக் என்றால் நொடிக்கு ஒரு கன அடி, அதாவது ஓட்டம். டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி, அதாவது கொள்ளளவு. ஒரு நாளுக்கு 86,400 நொடி. நூறு கோடியை அதால் வகுத்தால் 11,574 வரும். நொடிக்கு அவ்வளவு கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. இந்த ஓர் எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வரத்து 2,000, திறப்பு 14,000 என்று போட்டிருந்தால், மறுநாள் இருப்பு ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. குறைந்திருக்க வேண்டும். காலையில் டீ குடித்துக்கொண்டே சரிபார்ப்பேன். ஒத்துவரும்போது ஒரு சின்ன சந்தோஷம்.

அதே செய்தி இன்னொரு தப்பையும் திருத்தியது. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆனால் மட்டம் 100 அடியில் இருக்கும்போது இருப்பு 65 டி.எம்.சி. பக்கம்தான் இருக்கும். மேலே உள்ள 20 அடிக்குள் மட்டும் 28 டி.எம்.சி.! வாணலி மாதிரி மேலே போகப்போக விரிகிற வடிவம் அது. மட்டம் பாதி என்றால் தண்ணீரும் பாதி என்று கணக்குப் போடாதீர்கள். சென்னை ஏரிகளுக்கு மில்லியன் கன அடியில் எழுதுவார்கள், ஆயிரம் சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. செம்பரம்பாக்கத்தின் 3,645 மில்லியன் கன அடியை 3.645 டி.எம்.சி. என்று படித்தால் முடிந்தது.

மற்ற சொற்களை எங்கள் ஊர் ஏரிக்கரையில் படித்தேன். மதகுக்கும், ஏரி நிரம்பினால் தண்ணீர் தானாக வழிகிற கலிங்குக்கும் வித்தியாசம் கேட்டதற்குச் சித்தப்பா, "மதகை நாம தெறந்தாத்தான் தண்ணி வரும். கலிங்கு நம்மளக் கேக்காது" என்றார். எந்த நோட்ஸிலும் இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஏரி நிரம்பி வழிந்தால் எங்கள் விழுப்புரம் பக்கம் 'கோடி போகுது' என்போம், மதுரைப் பக்கம் 'மறுகால் பாயுது' என்பார்கள், கேள்வித்தாளில் அது 'உபரிநீர்' ஆகிவிடும். கரைமேல் நின்றால் தண்ணீர் வந்து சேர்கிற பக்கம் நீர்ப்பிடிப்புப் பகுதி, பாசனம் பெறுகிற பக்கம் ஆயக்கட்டு. கோடையில் மதகின் வாய்க்கும் கீழே கொஞ்சம் தண்ணீர் நிற்கும், எருமைகள் கிடக்கும். அதுதான் டெட் ஸ்டோரேஜ்.

மாசுபாட்டில் எல்லோரையும் கவிழ்ப்பது பி.ஓ.டி.யும் டி.ஓ.வும். டி.ஓ. என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், கூடினால் நல்லது. பி.ஓ.டி. என்பது கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், கூடினால் கெட்டது. நுண்ணுயிர்களின் பசி என்று நான் நினைவு வைத்துக்கொண்டேன். குளிக்கத் தகுந்த ஆற்றுநீருக்கு பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள்ளும், டி.ஓ. 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். சி.ஓ.டி. என்பது கழிவை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன். அதில் நுண்ணுயிரால் சிதைக்க முடியாததும் சேர்ந்துவிடும், அதனால் பொதுவாக அது பி.ஓ.டி.யைவிடப் பெரிய எண். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள், குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. ஆர்.ஓ. விற்க வருபவர் மீட்டரை முக்கி பயமுறுத்துவாரே, அந்த எண்தான். அது கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. இப்படியும் கேட்கலாம்.

சட்டங்களில் ஆண்டு மட்டும் போதும்: நீர் 1974, காற்று 1981, சுற்றுச்சூழல் 1986. கடைசியது 1984 போபால் விபத்துக்குப் பின் வந்தது என்று நினைவிருந்தால் வரிசை மாறாது.

கடைசியாக ஒன்று. தமிழ்க் கேள்வி புரியவில்லை என்றால் பக்கத்திலேயே இருக்கும் ஆங்கிலக் கேள்வியையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று வினாத்தொகுப்பிலேயே போட்டிருக்கும். ஒரு மாதிரித் தேர்வில் 'நீர்த்தாங்கி' என்று கேட்டிருந்தார்கள். ஊரில் நிற்கும் மேல்நிலைத் தொட்டி கண்முன் வந்தது, அதற்கேற்ற விடையையும் குறித்துவிட்டேன். அவர்கள் கேட்டது அக்விஃபர், பூமிக்கடியில் நீரைப் பிடித்து வைத்திருக்கும் பாறை அடுக்கு.