கூழ்வத்தல்: நாலு தடவை போட்டுப் பார்த்த கணக்கு

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இந்தப் பங்குனி வரை என் கையால் ஒரு வத்தல் போட்டதில்லை. தேவையே வரவில்லை. சித்திரை கடைசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தகர டின் வந்து இறங்கும். உள்ளே கூழ்வத்தல், ஒரு ஓரமாகத் தாளில் சுற்றிய மோர்மிளகாய், சில வருஷம் சுண்டவத்தல். எல்லாம் அத்தை அனுப்புவது. அடுத்த சித்திரை வரை எங்கள் வீட்டுச் சாம்பாருக்கும் ரசத்துக்கும் அதுதான் துணை.

போன ஐப்பசியில் அத்தை போய்விட்டார்கள். இவர் பதினாறு முடிந்து அம்பத்தூர் திரும்பிய மறுநாளே ஆபீசுக்குப் போனார். அழுது நான் பார்க்கவில்லை. பங்குனி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தவர், பழக்கதோஷத்தில் "வத்தல் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன், அதைப் பொரித்துப் போட்டேன். ஒன்றைக் கடித்துவிட்டு மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். அன்று ராத்திரி மகளுடைய பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்தேன். இந்தப் பதிவு அந்த நோட்டைப் பார்த்து எழுதுவது.

முதல் தடவை, பங்குனி நடுவில்

அளவுக்கு அத்தையின் பித்தளை உழக்கு. ஐப்பசியில் ஊரிலிருந்து நான் கேட்டு எடுத்துவந்த ஒரே பொருள் அது. வீட்டு அளவுக் கோப்பையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், 330 மில்லிக்குக் கொஞ்சம் மேலே பிடித்தது.

கடை அரிசிமாவு 2 உழக்கு, ஜவ்வரிசி அரை, தண்ணீர் 8, பச்சைமிளகாய் 15, உப்பு 5 ஸ்பூன், பெருங்காயம், ஒரு எலுமிச்சம்பழம். கூழ் கொதித்து இறுகியதும் இறக்கிவிட்டேன். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கரண்டியால் ஊற்றினேன். மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பி விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி மறுமூலையில் போட்டது. கால்வாசி வத்தல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மிச்சம் காய்ந்தபோது வறண்ட கண்மாய்த் தரை மாதிரி வெடித்திருந்தது.

பொரித்தால் பாதி உப்பி, பாதி பல்லை உடைத்தது. அதோடு ஒரே கரிப்பு.

வெடித்ததும் உப்பாததும் ஒரே தப்பால்தான் என்று பிறகு புரிந்தது. மாவு முழுசாக வெந்து, கூழ் கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டும். வத்தலுக்குள் மிஞ்சியிருக்கும் துளி ஈரம் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாகி, வெந்த மாவை ஊதுவதால்தான் அது பொரிகிறது. வேகாத மாவை ஆவி ஊத முடியாது. இறுகிவிட்டதே என்று இறக்கினேனே, இறுகுவது வேறு, வேகுவது வேறு. உப்பும் அப்படித்தான். கூழை நாக்கில் வைத்தால் உப்பு சரியாக இருந்தது. தண்ணீர் போகும், உப்பு போகுமா? கூழில் ஒரு படி குறைவாகத் தெரிந்தால்தான் வத்தலில் சரியாக வரும்.

தூக்கிப்போட மனசில்லாமல் ஒரு டப்பாவில் அடைத்துப் பரண் மேல் வைத்தேன்.

இரண்டாவது தடவை, பத்து நாள் கழித்து

இந்தத் தடவை பச்சரிசியை ராத்திரி ஊறப்போட்டு நானே அரைத்தேன். தண்ணீர் 10 உழக்கு, உப்பு 3 ஸ்பூன். ஜவ்வரிசியைத் தனியாக ஊறவைத்து, கொதிக்கும் தண்ணீரில் முதலில் அதைப் போட்டு, முத்து முத்தாகத் தெளிந்த பிறகு மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டினேன். பிளாஸ்டிக்குக்குப் பதில் இவருடைய பழைய வேட்டி ஒன்றை நனைத்துப் பிழிந்து விரித்தேன். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து இழுத்தால் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. ஒரு கிழிசல் இல்லை.

மாடியில் துணி காயப்போட வந்த மாமி, "வருஷம் திரும்பறதுக்குள்ள இதெல்லாம் போடலாமா?" என்று கேட்டார். எனக்கும் அந்தக் குறுகுறுப்பு இருந்தது. ராத்திரி இவரிடம் சொன்னேன். "அம்மா இருந்தா இந்நேரம் ரெண்டு வேட்டி முடிச்சிருப்பா" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

வத்தல் அருமையாக வந்தது. எண்ணெயில் போட்ட நொடியில் இரண்டு மடங்காக விரிந்தது, வெள்ளை வெளேரென்று. நான் பக்கத்தில் நின்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்கு." அடுத்த வாய். "அம்மா போடுறது மாதிரி இல்ல."

எனக்கு வந்ததே கோபம். காலை நாலு மணிக்கு எழுந்து, கை கொப்புளித்து, காக்கைக்குக் காவல் இருந்து வாங்கிய பேச்சு இது. "அப்ப நீங்களே கிண்டுங்க" என்று கரண்டியை மேடையில் வைத்துவிட்டுப் போனேன். இரண்டு நாள் வேண்டிய பேச்சு மட்டும் பேசிக்கொண்டோம்.

மூன்றாவது தடவை, சித்திரை முதல் வாரம்

கிண்டினார். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். நான் எழுந்து வரும்போது அடுப்படியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துடுப்பைப் பிடித்திருக்கிறார். அரிசிதான் காரணம் என்று அவருக்கு ஒரு முடிவு. ஊரில் ஏ.எஸ்.டி. 16தான் புழக்கம், அந்த ஏ.எஸ்.டி. என்பதே அம்பாசமுத்திரத்தின் சுருக்கம், அங்கே 1937-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது என்று எனக்கே பாடம் நடத்தினார். அந்தக் குண்டு அரிசி இட்லிக்குப் புழுங்கலாகத்தான் எங்கேயும் கிடைக்கும், பச்சரிசியாக வாங்க நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறார்.

இது இரண்டாவதைவிட நன்றாகவே இருந்தது. நோட்டில் நான் எழுதியிருப்பது: "அவர் சொன்னது: ஏதோ ஒண்ணு குறையுது. என்ன என்று கேட்டால் தெரியல." அடுத்த சந்தேகம் தண்ணீர் மேல் போனது. தாமிரபரணித் தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? ஊரில் வீட்டைத் திறந்து ஏழு மாசமாகிறது, கரையான் பார்க்க வேண்டும், கரண்ட் பில் பெயர் மாற்ற வேண்டும். பத்து நாள் லீவு போட்டார். மே மாசம், அக்கினி நட்சத்திரம் தொடங்கின வாரம், எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறினோம்.

ரயிலுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வாழையிலையில் கட்டிய புளியோதரையும். வழக்கமாக இந்தப் பயணத்தில் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அத்தையிடமிருந்து போன் வரும், "ஏறியாச்சா, சாப்பிட்டாச்சா" என்று. செங்கல்பட்டு தாண்டியதும் இவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொண்டார். காலையில் திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டைப் பாசஞ்சர். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. கல்லிடையில் அப்பளம் விற்பவர் ஜன்னலோரம் வந்தபோது இரண்டு கட்டு வாங்கினேன். ஆற்றுப் பாலம் வந்தது, அம்பை வந்துவிட்டது.

நாலாவது தடவை, ஊரில்

எதிர்வீட்டுச் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்த உறவில்லை, இவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சித்தி. எழுபதைத் தாண்டியவர், ஆளைப் பார்த்தால் அறுபதுக்கு மேல் சொல்ல முடியாது. முதல் நாள் சாயங்காலம் நாங்கள் கொண்டுபோன மூன்றாவது தடவை வத்தலை அவரிடம் காட்டி, இவர் தன் ஆராய்ச்சியை விவரித்தார். அரிசி, தண்ணீர், வெயில், எல்லாம். சித்தி ஒன்றைப் பச்சையாகவே ஒடித்து வாயில் போட்டார்.

"எலுமிச்சங்காயா புழிஞ்சிருக்கிய? எலுமிச்சங்காய் எதுக்கு? அரிசிய மூணு நாள் ஊறப்போட்டா அதுவே புளிச்சுக்கிடும்லா."

"அம்மா மூணு நாளா ஊறப்போடுவா?"

சித்தி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார். "எய்யா, இனிம சொன்னா என்ன. மூணு வருசமா உங்களுக்கு வந்த வத்தல் நான் போட்டது. உங்கம்மைக்குத் துடுப்பு புடிக்க முடியல, கை வெடவெடன்னு நடுங்கும். மருமவகிட்ட சொல்லிராதன்னு சத்தியம் வாங்கிட்டா. டின்னுல அடச்சுக் கட்டுறது மட்டும் அவதான் கட்டுவா."

இவர் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு, பிறகு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு. ஏழு மாசத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. என்னையும் தொற்றிக்கொண்டது. மூன்று வருஷமாக ஒவ்வொரு வத்தலுக்கும் "அம்மா கைப்பக்குவமே தனி" என்று அவர் சொன்னதும், நான் அதைக் கேட்டு உள்ளுக்குள் புழுங்கியதும்! சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடினார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. சித்தி எழுந்து உள்ளே போய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

அன்று ராத்திரி தட்டட்டியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். "அப்ப அம்மா போட்டது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். எனக்கும் நினைவில்லை. பத்தொன்பது வருஷம் தின்ற ருசி, அதன் மேல் மூன்று வருஷம் ஏறி உட்கார்ந்து மறைத்துவிட்டிருந்தது. நாக்கை நம்பி நாங்கள் தேடிக்கொண்டிருந்தது சித்தியை.

மறுநாள் அரிசியை ஊறப்போட்டோம். 4 உழக்கு. தினமும் காலையில் தண்ணீரை இறுத்துப் புதுத்தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டாம் நாளே வீடு முழுக்க ஒரு புளிச்ச வாடை. பின்கட்டிலிருந்து உள்ளே வந்த இவர் நிலையில் அப்படியே நின்றார். சின்ன வயசில் பரீட்சை லீவென்றால் இந்த வாடைதானாம், மூக்கைப் பொத்திக்கொண்டு ஆற்றுக்கு ஓடிவிடுவாராம். ஆக, மூன்று நாள் ஊறல் அத்தையிடமிருந்து சித்திக்குப் போனதா, சித்தியிடமிருந்து அத்தைக்கு வந்ததா? சித்தியைக் கேட்டால், "யாருக்குத் தெரியும், தெருவே அப்படித்தான போட்டுது" என்கிறார்.

அந்த மூன்று நாளில் வேறு வேலைகள். கரையான் மச்சுக் கதவில் மட்டும்தான். ஒரு காலையில் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு வந்தோம். ஐப்பசியில் அத்தையின் அஸ்தியைக் கரைத்தபோது ஆறு நிறையப் போய்க்கொண்டிருந்தது, இப்போது பாறைகள் வெளியே தெரிந்தன. இவர் முங்கி எழுந்து கரையேறி, "பசிக்கி" என்றார். வழியில் நுங்கு. அன்று மத்தியானம் சொதி வைத்தேன், இஞ்சித் துவையலோடு. கல்லிடை அப்பளம் அன்றைக்கே தீர்ந்தது.

நாலாம் நாள் அதிகாலை மூன்றரைக்கு சித்தி வந்து கதவைத் தட்டினார். அரிசி 4 உழக்குக்கு ஜவ்வரிசி 1, தண்ணீர் மாவு கரைத்தது போக 18, மிளகாய் 30, பெருங்காயம். எலுமிச்சம்பழம் கிடையாது. கூழ் வேகிறதா என்று பார்க்க சித்தியின் வழி இது: கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் கிண்டு. நாற்பது நிமிஷம் இவரும் நானும் மாற்றி மாற்றிக் கிண்டினோம். ஆறு லிட்டருக்கு மேல் கூழ், துடுப்பு சேற்றில் மாட்டின கால் மாதிரி வரமாட்டேன் என்கிறது. எழுபத்தைந்து வயசில் அத்தை இதைத் தனியாகக் கிண்டியிருக்கிறார்கள்.

உப்பு போடும்போது சித்தி 6 ஸ்பூன் என்றார். போட்டுவிட்டு, "உங்கம்மைன்னா இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டிருப்பா. அவளுக்கு உப்புக் கை. உங்கய்யாவுக்குக் கரிச்சாத்தான் இறங்கும். அவர் போன பொறவும் அவ கை மாறல. நான்தான் குறைச்சுப் போட்டேன்" என்றார்.

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

விரிக்க மாமாவுடைய வேட்டி இரண்டு பெட்டியிலேயே இருந்தன. சோப்புப் போடாமல் அலச வேண்டும், இல்லையென்றால் வத்தலில் சோப்பு மணக்கும். வெயில் ஏறுமுன் ஊற்றி முடித்து, காக்கைக்குக் கறுப்புக் குடையை விரித்து வைத்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் பொதிகை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. வேட்டியிலிருந்து உரித்துச் சுளகில் காய்ந்துகொண்டிருந்த வத்தலை மூன்று பேரும் அள்ளி இறக்குவதற்கும் கோடை மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. அன்று முழுக்க ஃபேனுக்கு அடியில். வத்தலை மாசி, பங்குனியிலேயே முடித்துவிட வேண்டும், சித்திரை கடைசி வரை இழுத்தால் இந்தப் பக்கம் மழைக்குத் தப்பாது என்று சித்தி திட்டிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் நல்ல வெயில். ஒடித்தால் "டக்" என்று சத்தம் வந்தது. எடை 1 கிலோ 350. பாதி சித்திக்கு.

திரும்பி அம்பத்தூர் வந்த அன்றே இவர் பரணில் ஏறி முதல் தடவை டப்பாவை இறக்கினார். எண்ணெயைக் காயவைத்து அவரே பொரித்தார். பாதி உப்பாமல் கல் மாதிரிதான் இருந்தது. தயிர்சாதத்தோடு ஒன்று, இன்னொன்று, மூன்றாவது.

"உப்பு மட்டும் சரி" என்றார்.

அந்த டப்பா இப்போது காலி. நோட்டின் கடைசிப் பக்கம் அவர் கையெழுத்தில் இருக்கிறது: "அடுத்த மாசி. 8 உழக்கு. 3 நாள் ஊறல். உப்பு 15 ஸ்பூன்." எட்டை அடித்துவிட்டு நான் ஆறு என்று எழுதியிருக்கிறேன், கிண்ட முடியாது. உப்பில் கை வைக்கவில்லை.