பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே: ஒரு பேஸ்பால் நாட்குறிப்பு

மே 11, 2025, ஞாயிறு

நேற்று சான் டியாகோவிடம் 21-0 என்று தோற்றது கொலராடோ. இன்று அதே அணியை 9-3 என்று ஜெயித்தது. ஜெயித்த கையோடு மேனேஜர் (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளர்) பட் பிளாக்கை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 40 ஆட்டத்தில் 7 வெற்றி, 33 தோல்வி. இந்தக் கணக்கோடு யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது, சரி. ஆனால் கொலராடோவின் சொந்த ஊரான டென்வர் கடல்மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு என்பதால் பிட்சர் (பந்தை எறிபவர்) போடும் பந்து அங்கே வளைய வேண்டிய அளவு வளையாது. அடிபட்டால் மட்டும் கூடுதல் தூரம் பறக்கும். பிளாக்கின் இடத்துக்கு யார் வந்தாலும் காற்று அதே காற்றுதான்.

வியாழக்கிழமைதான் பிட்ஸ்பர்க் தன் மேனேஜர் டெரெக் ஷெல்டனை அனுப்பியது. நான்கு நாளில் இரண்டு பேர். அடுத்தது எங்கள் பால்டிமோர் ஓரியோல்ஸின் மேனேஜர் பிராண்டன் ஹைடாக இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் டிவியை அணைத்தேன்.

மே 16, வெள்ளி

எங்கள் வீடு லாரலில். வடக்கே போனால் பால்டிமோர், தெற்கே போனால் வாஷிங்டன். "ஏதாவது ஒரு அணியைப் பிடிச்சுக்கங்க அண்ணா" என்று நண்பர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். என்னால் முடியவில்லை. பால்டிமோரின் ஓரியோல்ஸும் வாஷிங்டனின் நேஷனல்ஸும் இன்று பால்டிமோர் மைதானமான கேம்டன் யார்ட்ஸில் மோதின. சின்னவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினொரு வயதுதான், ஆனால் ஸ்கோர்புக் எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. மேலே மேனேஜர் என்று போட்டிருந்த கோட்டில் பென்சிலால் 'ஹைட்' என்று எழுதினாள். எதிர்ப்பக்கத்தில் 'மார்ட்டினெஸ்'.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஆட்டத்தில் முதலில் பிடித்தது மேனேஜரின் நடைதான். அறுபது வயதுக்காரர் ஆனாலும் ஆட்டக்காரர்களைப் போலவே முதுகில் எண்ணோடு சீருடைதான் போட்டிருப்பார். பிட்சரை மாற்ற அவரே மைதானத்துக்குள் நடந்துபோய்க் கையை நீட்டுவார். பிட்சர் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறுவான். இன்று ஹைட் அப்படிப் போனபோது கூட்டம் அவரைப் பார்த்துத்தான் ஊளையிட்டது. அவர் பிட்சரின் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்தவன் வரும்வரை பந்தை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே நின்றார்.

ஓரியோல்ஸ் தோற்றது. இந்த சீசனில் இதுவரை 15-28, அதாவது 15 வெற்றி, 28 தோல்வி.

மே 17, சனி

காலையிலேயே செய்தி வந்துவிட்டது. ஹைட் இல்லை. மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் டோனி மான்சோலினோ இடைக்கால மேனேஜராம்.

2019-இல் 108 தோல்வி, 2021-இல் 110 தோல்வி. அந்த ஆண்டுகளில் காலி இருக்கைகளுக்கு முன்னால் சளைக்காமல் நின்றவர் இவர். 2023-இல் 101 வெற்றி, அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருது. இந்தக் குளிர்காலத்தில் அணியின் முதன்மைப் பிட்சர் கார்பின் பர்ன்ஸ் அரிசோனாவுக்குப் போய்விட்டார். அவர் இடத்தை நிரப்ப 41 வயது சார்லி மார்ட்டனைப் பிடித்தார்கள். மற்ற பிட்சர்களில் பிராடிஷ் முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து இன்னும் தேறவில்லை, கிரேசன் ரோட்ரிகஸும் காயத்தில். ஈஸ்டர் அன்று சின்சினாட்டியிடம் 24-2 என்று வாங்கியதெல்லாம் டகவுட்டில் (மைதானத்தோரம் அணி உட்காரும் இடம்) மேனேஜர் எடுத்த முடிவால் நேர்ந்தது அல்ல. ஆட்களைச் சேர்க்கும் ஜெனரல் மேனேஜர் மைக் எலியாஸ், இந்தத் தொடக்கத்துக்குத் தானே பொறுப்பு என்று அறிக்கையில் சொல்லியிருக்கிறார். சொன்னது நல்லது. ஆனால் வேலை போனது ஹைடுக்கு.

சின்னவள் பென்சிலோடு வந்து, "அப்பா, பேரை அழிச்சிடவா?" என்று கேட்டாள். நேற்று ஆட்டத்தில் இருந்தவர் அவர்தானே, இருக்கட்டும் என்றேன்.

மே 18

நேஷனல்ஸிடம் மூன்று ஆட்டமும் தோல்வி. மேனேஜர் மாறிய பிறகு இரண்டு.

1988-இல் இதே ஊரில் ஆறே ஆட்டத்தோடு ஓரியோல்ஸ் மேனேஜர் மூத்த கால் ரிப்கெனை எடுத்தார்கள். அவருடைய இரண்டு மகன்களும் அப்போது அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் இடத்துக்கு ஃபிராங்க் ராபின்சன் வந்தார். தொடர் தோல்வி 21 வரை போய்த்தான் நின்றது. அந்த நாட்களில் உடைமாற்றும் அறையில் அந்த இரண்டு பேரும் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17

இப்போது தெற்கே பற்றிக்கொண்டது. நேஷனல்ஸுக்கு அடிமேல் அடி. அவர்களின் மேனேஜர் டேவி மார்ட்டினெஸ், குறை பயிற்சியாளர்கள் மேல் இல்லை, ஆட்டக்காரர்கள்தான் பொறுப்பெடுக்க வேண்டும் என்கிற மாதிரிப் பேசிவிட்டார். எனக்கு அவர்மேல் உயிர். ஆனால் இது தப்பு. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன்களை வைத்துக்கொண்டு ஒரு மேனேஜர் வெளியே சொல்லக் கூடாத வார்த்தை. போன மாதம் அந்த வெள்ளிக்கிழமை ஊளையை வாங்கிக்கொண்டே பிட்சரைத் தட்டிக்கொடுத்த ஹைட்தான் கண்ணுக்குள் வந்தார்.

ஜூலை 7, திங்கள்

நேற்று பாஸ்டனிடம் சொந்த ஊரிலேயே மூன்றாவது தோல்வி. மாலையில் மார்ட்டினெஸும் ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸோவும் நீக்கப்பட்டார்கள். 37-53.

2019 மே மாதம் நியூயார்க்கில் மெட்ஸிடம் நான்கும் தோற்று 19-31 என்று நின்றது இதே அணி. அன்று மார்ட்டினெஸின் தலை உருளும் என்று ஊரே பேசியது. நானும்தான் பேசினேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ரிஸோ அசையவில்லை. 93 வெற்றியோடு சீசனை முடித்தார்கள். செப்டம்பரில் மார்ட்டினெஸ் நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி வந்தார். அக்டோபர் 30 இரவு ஹூஸ்டனில் ஏழாவது ஆட்டத்தையும் ஜெயித்து, சீசனின் இறுதித் தொடரான உலகத் தொடர் கோப்பையைத் தூக்கினார்கள். நவம்பர் 2 ஊர்வலத்தில் சின்னவள் என் தோள்மேல் உட்கார்ந்து கத்திய கத்தலில் எனக்கு இரண்டு நாள் காது அடைத்திருந்தது. அன்று மே மாதத்தில் சீட்டைக் கிழித்திருந்தால் அந்த நாள் கிடைத்தே இருக்காது.

அதற்கப்புறம் பாதிக்கு மேல் ஜெயித்த சீசன் ஒன்றுகூட இல்லை, உண்மை. நட்சத்திர ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோவை 2022-இல் சான் டியாகோவுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். இந்தத் தடவை அணியைச் சேர்த்தவரையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மனசு ஆறவில்லை.

நண்பர் போனில் பிலடெல்பியாவை இழுத்தார். 2022 ஜூனில் 22-29 என்று இருந்தபோது மேனேஜர் ஜோ ஜிரார்டியை எடுத்தார்கள். ராப் தாம்சன் வந்து உலகத் தொடர்வரை கொண்டுபோனார். மறுக்க முடியாது. ஆனால் அங்கே ஹார்ப்பர், வீலர், நோலா மாதிரிப் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தார்கள். இங்கே அப்படி யார்?

செப்டம்பர் 28

சீசன் முடிந்தது. கொலராடோ 43-119. வாஷிங்டன் 66-96, மார்ட்டினெஸுக்குப் பிறகு 29-43.

பால்டிமோரில் மான்சோலினோவின் கணக்கு 60-59. ஹைடின் 15-28-ஐவிட எவ்வளவோ மேல், அந்த மனிதரின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சின்னவளின் ஸ்கோர்புக்கைப் புரட்டியபோது டிரெவர் ராஜர்ஸ் என்ற ஓரியோல்ஸ் பிட்சரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. முழங்கால் காயத்திலிருந்து மீண்டு அவர் இந்த ஆண்டு முதல் ஆட்டம் போட்டது மே 24. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.81 ரன்தான் விட்டிருக்கிறார். ஹைட் போய் அன்றோடு ஒரு வாரம்.