அப்பாவுக்கு ரொட்டி: பதினோராவது சனிக்கிழமை

சாயந்திரம் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தால் போதும், அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டி, பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, ஓய்வு பெற்றவர். ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) கூடிவிட்டது, வெள்ளை ரொட்டியைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து வீட்டில் துக்கம். சரி, நானே சுட்டுத் தருகிறேன் என்று வாய்விட்டேன். மாத்திரையில் கைவைக்கவில்லை, ரொட்டியை மட்டும் மாற்றினேன்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் வீண். கடை ஆட்டா மாவில் ஈஸ்ட் போட்டுச் சுட்டேன். நல்ல பழுப்பு நிறம், பார்த்தாலே நோய் ஓடிவிடும் போலிருந்தது. சாப்பிடும் முன் ரத்தச் சீனி பார்க்கும் மீட்டரில் 7.1 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 12.8. வெள்ளை ரொட்டிக்கு 13.3 காட்டியிருந்தது. இதற்கா இத்தனை பாடு?

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கிளைசெமிக் இண்டெக்ஸ் கணக்கை 1981ல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்டார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து, மற்ற உணவு சீனியை எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்ப்பது. 55 வரை குறைவு, 70ம் அதற்கு மேலும் அதிகம். முழுக் கோதுமை ரொட்டியும் பெரும்பாலும் வெள்ளை ரொட்டியை ஒட்டி 70க்கு மேல்தான் நிற்கிறது. தவிடு இருந்து என்ன, மாவு நைசாக அரைபட்டிருந்தால் வயிறு சீக்கிரம் கரைத்துவிடுகிறது. நான் நிறத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் முழுக்கக் கடலை மாவு. கோதுமையின் பசை இல்லாததால் உப்பவே இல்லை, செங்கல். பக்கத்து வீட்டுக் கோழிகள்கூட யோசித்துத்தான் கொத்தின.

அப்புறம் புளித்த மாவுக்கு வந்தேன். ஆட்டாவும் தண்ணீரும் சம எடை, தினமும் கொஞ்சம் எடுத்துப் போட்டுப் புது மாவு சேர்ப்பது. அந்தப் புளிப்பு, மாவுச்சத்து கரைவதை மெதுவாக்குகிறது, அதனால் சீனி நிதானமாக ஏறும். படித்த குறிப்பெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது, பன்னிரண்டு மணி நேரம் வை என்கிறார்கள். நம் ஊர் வெயிலில் ஐந்து மணி நேரத்தில் மாவு பொங்கி, சரிந்து, மூன்றாம் நாள் தோசை மாவு போல் நீர்த்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "இட்லி மாவு வாசம் தெரியாதா உனக்கு? பொங்கினதும் ஐஸ்பெட்டியில வை" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது கைக்கு வந்திருக்கும் அளவு: ஆட்டா 200 கிராம், கடலை மாவு 100, பொங்கிய புளித்த மாவு 100, உப்பு 7, மாவைப் பிடித்து நிறுத்தும் இசப்கோல் உமி 10, தண்ணீர் சுமார் 260 மில்லி. இதோடு பார்லி 100 கிராம், வேகவைத்து நன்றாக வடித்தது, அரைக்காமல் முழுசாக. உருட்டவெல்லாம் வராது, கரண்டியால் அள்ளித் தகர அச்சில் போட வேண்டியதுதான். விளிம்புவரை எழும்பியதும் சின்ன அவனில் 200 டிகிரி, 50 நிமிடம். சூட்டோடு வெட்டினால் கத்தியில் களி ஒட்டும். மறுநாள் துண்டு போட்டு உறைய வைக்கிறேன், காலையில் எடுத்து டோஸ்ட் செய்கிறேன். ஆறி உறையும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வகையாக மாறுவதால் அதுவும் உதவி.

எட்டாவது வாரம் 7.0 லிருந்து 9.6. குதித்தேன். மறுநாள் அதே ரொட்டி, அதே இரண்டு துண்டு, 12.4! மீட்டரைச் சந்தேகித்தேன், பார்லியைச் சந்தேகித்தேன். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் பால் சொட்டு ஒன்று, தொட்டால் பிசுபிசு.

"கடைக்குப் போனீங்களாப்பா?"

"ஒரு தே தாரேக்தாம்மா. சூசு கொஞ்சமாத்தான் ஊத்தச் சொன்னேன்."

தே தாரேக் என்றால் இழுத்து ஆற்றும் பால் தேத்தண்ணி, சூசு அதில் ஊற்றும் இனிப்புக் கட்டிப்பால். அந்த 12.4ஐ நோட்டில் அடிக்கவில்லை, பக்கத்தில் 'கடை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு சோதனை நாளில் வெளியே போக வேண்டுமென்றால் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் மட்டும் என்று பேச்சு. நாலு துண்டு தின்றால் எந்த ரொட்டியும் காப்பாற்றாது என்பதையும் சொல்லியாகிவிட்டது.

ஒரே ஆள், ஒரே மீட்டர், இதை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. மூன்று மாதச் சராசரி ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அப்பாவின் சோதனை வேறு. தேத்தண்ணியில் தோய்த்தால் ரொட்டி உடைந்து விழக்கூடாது. ஒன்பதாவதும் பத்தாவதும் கோப்பைக்குள்ளேயே கரைந்தன. இசப்கோலை 6 கிராமிலிருந்து 10 ஆக்கியது அதற்காகத்தான். இன்று காலை தோய்த்து, தூக்கி, சொட்டு வடியும்வரை பிடித்துப் பார்த்தார். நின்றது.

"புளிக்குது" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டை எடுத்தார்.