வீட்டு லினக்ஸ் சர்வர்: எழுதிய விதியும் நடப்பிலுள்ள விதியும்

பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு சர்வர் 24.04 நிறுவி, குடும்பப் புகைப்படங்களுக்காக நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்புச் செயலியையும் வேறு சில சிறு செயலிகளையும் டாக்கரில் (செயலிகளைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் மென்பொருள்) இயக்கி வருகிறேன். வெளியூரிலிருந்தும் அணுக வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் எஸ்எஸ்ஹெச் எனும் தொலைநுழைவுச் சேவைக்கான 22ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) திறக்கப்பட்டதும், உள்நுழைவு லாக் கோப்பில் அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், பை என்ற பெயர்களில் தோல்வியுற்ற முயற்சிகள் குவியத் தொடங்கின. திறந்த போர்ட் எங்கே கிடைக்கும் என்று இணையம் முழுவதையும் துழாவும் தானியங்கி நிரல்களின் வேலை இது; நம்மைக் குறிவைத்து எவரும் வரவில்லை. ராஸ்பெர்ரி பை கணினிகளில் 'பை' என்ற இயல்புக் கணக்கு 2022 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பது அந்த நிரல்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

தோல்விகளை எண்ணுவதைவிட வெற்றிகளைத் தேடுவதே முதல் வேலை. கடவுச்சொல் ஏற்கப்பட்டதாகவோ சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் மறையாக்கக் கோப்பு) ஏற்கப்பட்டதாகவோ பதிவான வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் ஐபி முகவரியையும் நேரத்தையும் சரிபார்த்தேன். அனுமதிக்கப்பட்ட சாவிகளின் பட்டியலையும் குறித்த நேரத்தில் தாமாக இயங்கும் கிரான் பணிகளையும் உடன் பார்த்தேன். அந்நியமாக எதுவும் இல்லை.

அடுத்து, ஈடி25519 வகைச் சாவி உருவாக்கி, எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சேவையை மறுதொடக்கம் செய்தேன். அப்போதும் சாவி இல்லாத கணினியிடம் சர்வர் கடவுச்சொல்லைக் கேட்டது. எஸ்எஸ்ஹெச்டி நிரலைப் பெரிய டி எழுத்துத் தெரிவுடன் இயக்கினால், கோப்பில் எழுதியிருப்பதை அல்லாமல் உண்மையில் நடப்பிலிருக்கும் மதிப்புகளைக் காட்டும். அதில் கடவுச்சொல் நுழைவு 'யெஸ்' என்றே இருந்தது. காரணம், முதன்மைக் கோப்பின் தொடக்கத்திலேயே துணை அடைவிலுள்ள கோப்புகள் சேர்க்கப்படுகின்றன. ஓர் அமைப்புக்கு முதலில் கிடைக்கும் மதிப்பையே எஸ்எஸ்ஹெச் எடுத்துக்கொள்ளும். சர்வரின் தொடக்க அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் உருவாக்கிய, 50 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பு அங்கே இருந்தது. அதைத் திருத்தியதும் சரியானது. இத்தகைய மாற்றங்களின்போது ஏற்கெனவே திறந்துள்ள முனையத்தை மூடாமல், புதிய முனையத்தில் நுழைந்து பார்ப்பது நல்லது. இல்லையேல் திரையையும் விசைப்பலகையையும் தேடி எடுத்துவர வேண்டியிருக்கும்.

ஆனால் உண்மையில் கவலை தந்தது ஃபயர்வால்தான். உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூவில் 22, 443 ஆகிய இரண்டை மட்டுமே அனுமதித்திருந்தும், வைஃபையிலிருந்த இன்னொரு கணினியின் உலாவியில் 8080 என்று தட்டியதும் ஒரு செயலியின் நிர்வாகப் பக்கம் தடையின்றித் திறந்தது. சர்வரில் திறந்த போர்ட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளை, 0.0.0.0:8080 (அதாவது எல்லா வலையமைப்பு முகவரிகளிலும்) என்ற முகவரியில் டாக்கர்-பிராக்ஸி காத்திருப்பதைக் காட்டியது. டாக்கர் வெளியிடும் போர்ட்டுக்கு வரும் தரவுப் பொட்டலங்களின் இலக்கு முகவரி, லினக்ஸின் உட்கருவான கர்னலில் நுழைந்தவுடனேயே கன்டெய்னரின் முகவரியாக மாற்றப்படுகிறது. ஆகவே அவை, வேறிடத்துக்குக் கடத்தப்படும் பொட்டலங்களுக்கான ஃபார்வர்ட் எனும் விதிச் சங்கிலி வழியே போய்விடுகின்றன, சர்வருக்கே வருபவற்றுக்கான, யூஎஃப்டபிள்யூ விதிகள் அமர்ந்திருக்கும் இன்புட் சங்கிலியைத் தொடுவதேயில்லை. மலிவுவிலை கேமராவும் தொலைக்காட்சியும் இருக்கும் அதே வலையமைப்பில் இதை அலட்சியப்படுத்த முடியாது. பயனரின் விதிகளுக்கென உள்ள டாக்கர்-யூசர் சங்கிலியில் தனி விதி எழுதலாம். எனக்கு எளிதாகத் தோன்றியது, கன்டெய்னர்களின் அமைப்பை விவரிக்கும் கம்போஸ் கோப்பில் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 (அதே கணினியிலிருந்து மட்டும் அணுகக்கூடிய முகவரி) என்று சேர்ப்பதுதான். இப்போது செயலிகள் அனைத்தையும் என்ஜின்எக்ஸ் எனும் வலைச் சேவையக மென்பொருள் வழியாக 443இல் மட்டுமே அணுக முடியும்.

இறுதியாக ரவுட்டரில் 22ஐ மூடிவிட்டு, வயர்கார்டு எனும் விபிஎன்னுக்காக (வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்கு மறையாக்கப்பட்ட பாதை) 51820 யூடிபி போர்ட்டை மட்டும் திறந்தேன். 2020இல் வெளியான 5.6 பதிப்பிலிருந்து கர்னலிலேயே இருக்கும் இது, சரியான சாவி இல்லாதவருக்குப் பதிலே அளிக்காது. கைப்பேசியை மொபைல் டேட்டாவுக்கு மாற்றிச் சோதித்ததில் எஸ்எஸ்ஹெச் நேரடியாகக் கிடைக்கவில்லை. வயர்கார்டை இயக்கியதும் கிடைத்தது. லாக் கோப்பிலும் வெளியார் முயற்சிகள் நின்றுவிட்டன. இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6க்கான ரவுட்டர் ஃபயர்வாலை இதே முறையில் வெளியிலிருந்து சோதிப்பது பாக்கி உள்ளது. பழைய பதிப்பான ஐபிவி4இல் போர்ட்டை மூடியது அங்கே செல்லுபடியாகாது.