முட்டைக் கணக்குல ஒண்ணு கூடுது

எங்க ஊர் தூத்துக்குடில ஆர்.சி. ஸ்கூல்ல பிள்ளையச் சேக்குறது ஈசி, சேத்ததுக்கு அப்புறம் நாம தப்பிக்குறதுதான் பெரும்பாடு. என் மக படிக்கிறது அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும், எனக்கு அதுக்கு எதுத்தாப்லயே ஜெராக்ஸ் கடை. டீச்சருங்க சம்பளம் கவர்மெண்ட் குடுக்கும், புத்தகமும் சத்துணவும் கவர்மெண்ட் குடுக்கும், சரி, ஓடு ஒடஞ்சா? பைப் ஒழுகுனா? மைக் செட்டு கரகரன்னா? அதுக்குத்தான் எங்க ஹெச்.எம். சிஸ்டர் ஒரு வழி வச்சிருக்காங்க. அவங்க யார்கிட்டயும் உதவி கேக்க மாட்டாங்க, வேலையும் சொல்ல மாட்டாங்க. ஒரு டவுட்டு கேப்பாங்க, அவ்ளோதான்.

"சார், ஒரு சின்ன டவுட்டு. இந்த ஐடி கார்டு லேமினேஷன் பண்ணா எத்தன வருஷம் தாங்கும்?"

நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி மைக்ரான் கணக்கெல்லாம் சொல்லி வெளக்குனேன், சிஸ்டர் ரொம்ப ஆர்வமா தலையாட்டிக் கேட்டாங்க, மறுநாள் காலைல கடை ஷட்டரத் தூக்குறேன், வாச்மேன் அண்ணாச்சி கைல 140 கார்டோட நிக்காரு. "சிஸ்டர் குடுத்து விட்டாங்க, உங்களுக்கு இதுல நல்ல அனுபவமாமே"ன்னாரு. இப்படித்தான் பிளம்பர் ஒருத்தர்கிட்ட "இந்த டேங்க் எதுக்கு ஒழுகுது"ன்னு டவுட்டு கேட்டு அவரு இன்னைக்கு வரைக்கும் அந்த டேங்க்குக்கு வாரிசு மாதிரி அலையுறாரு. டெய்லர் பாய் ஒருத்தர், அவர் பேரன் ஒண்ணாம் கிளாஸ், சிஸ்டர தூரத்துல பாத்தாலே தையல் மிஷின ஸ்பீடா மிதிச்சு பிஸியா இருக்குற மாதிரி காட்டுவாரு. ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. மிஷினப் பத்தியே டவுட்டு வரும்.

நாங்க முருகன் கும்புடுற குடும்பம், திருச்செந்தூர் எங்களுக்குப் பக்கம். ஆனா என் மகளுக்கு ஸ்கூல்ல ரொம்பப் பழக்கமான சாமி அந்தோனியார். ஏன்னா அவரு தொலைஞ்சு போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவரு, இவ தொலைக்குறதுல கில்லாடி. ரப்பர் போச்சு, பென்சில் போச்சு, டிபன் பாக்ஸ் மூடி போச்சுன்னு தெனம் ஒரு மனு. கொஞ்ச நாள் முன்னாடி செந்தூர் போனப்ப சண்முகர் முன்னாடி நின்னு சிலுவை போட்டுட்டு திருநீறு பூசுறா, என் மாமியார் பாத்துட்டாங்க, நான் பயந்தே போய்ட்டேன், அவங்க என்னடான்னா "ரப்பர் கெடைச்சுதாடி?"ன்னு கேட்டாங்க.

நான் சொல்ல வந்தது 2023 கிறிஸ்துமஸ் கதை.

நவம்பர் கடைசில சிஸ்டர் கடைக்கு வந்தாங்க. நான் உஷாரா கல்குலேட்டர எடுத்து சும்மா தட்டிக்கிட்டு இருந்தேன்.

"சார், 1223ல இத்தாலில கிரேச்சியோங்குற ஊர்ல அசிசி பிரான்சிஸ்தான் மொதமொதல்ல குடில் வச்சாரு, தெரியுமா? சுரூபம், சிலை எல்லாம் இல்ல. நெசமான மாடு, நெசமான கழுதை. இந்த வருஷத்தோட சரியா 800 வருஷம்."

"அப்டியா சிஸ்டர்!"

"ஒரு சின்ன டவுட்டு. நம்ம ஊர்ல இப்ப கழுதை இருக்கா?"

எனக்கு அப்பவே வயித்தக் கலக்கிருச்சு. மாடு பிரச்சன இல்ல, தெருவுக்கு நாலு மேயுது. கழுதைக்கு எங்க போவேன்? முன்ன துணி வெளுக்குறவங்க வீட்டுக்கு வீடு வச்சிருந்தாங்க, இப்ப அவங்களும் டிவிஎஸ் எக்ஸெல்லுக்கு மாறிட்டாங்க. ரெண்டு வாரம் நான் பாத்தவங்ககிட்ட எல்லாம் "அண்ணே, கழுதை யார்கிட்டயாவது இருக்கா"ன்னு கேட்டு, என் மச்சான் வாட்ஸ்அப் குரூப்ல "மாமா சொந்தத்துல ஆள் தேடுறாரு"ன்னு போட்டான். கடைசில பாத்தா தெருவுல சத்தம் கேக்குது, "கழுதப் பாலே... கழுதப் பாலு...". விருத்தாசலம் பக்கத்துக்காரராம், ஒரு தாய்க் கழுதையும் குட்டியும் ஓட்டிக்கிட்டு ஊர் ஊரா வர்றாரு. பச்சப்புள்ளைக்கு ஒரு சங்கு பால் நூறு ரூபா. (இதுல ஒரு நன்மையும் இல்லன்னு டாக்டருங்க தொண்டத்தண்ணி வத்தக் கத்துறாங்க, நம்ம ஆச்சிங்க கேட்டாத்தானே.) அவர்கிட்ட பேசி, டிசம்பர் 18 திங்கக்கிழமை காலைல விழாவுக்கு கழுதையோட வரணும்னு அட்வான்ஸ் குடுத்து முடிச்சேன். மனுசன் ரொம்ப ஒழுங்கு. சனிக்கிழமை சாயங்காலமே வந்து வாச்மேன் அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டு ஸ்கூல் வராந்தால படுத்துட்டாரு.

ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு எங்க மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். டிசம்பர் 17. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. எங்க தெருல மத்தியானம் கணுக்கால், ராத்திரி முட்டி, கோரம்பள்ளம் கொளம் ஒடஞ்சு தண்ணி ஊருக்குள்ள வந்ததும் இடுப்பு. கரண்ட் இல்ல, செல்லுல டவர் இல்ல. எங்க ஏரியால மாடி வச்ச பெரிய கட்டடம்னா ஸ்கூல்தான், அதுனால எல்லாரும் பாயும் பிள்ளையுமா அங்கதான் போனோம். கேட்டத் தொறந்து டார்ச்சோட சிஸ்டர் நிக்காங்க. அந்த நெலமைலயும் எனக்கு வந்த மொதக் கேள்வி என்ன தெரியுமா?

"சார், ஒரு சின்ன டவுட்டு. கழுதை படி ஏறுமா?"

ஏறாது. அண்ணாச்சி முன்னால இருந்து இழுக்காரு, நான் பின்னால இருந்து தள்ளுறேன், பால்காரர் அது காதுல என்னமோ கெஞ்சுறாரு, அது நாலு காலையும் ஊனி நின்னுக்கிட்டு எங்க மூணு பேரையும் ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, என் வீட்டம்மா கூட என்னைய அப்படிப் பாத்ததில்ல. தண்ணி வராந்தா மேல ஏற ஆரம்பிச்சிருச்சு. அப்ப இட்லிக்கடை அக்கா, "தள்ளுங்கய்யா கூறு கெட்டவங்களா"ன்னு சொல்லி சேலைய இழுத்துச் சொருகிட்டு குட்டியத் தூக்கித் தோள்ல போட்டுட்டு விறுவிறுன்னு படி ஏறுனாங்க. தாய்க் கழுதை ஒரு கத்து கத்திட்டு அதும்பாட்டுக்கு பின்னாலயே போயிருச்சு. நாங்க மூணு பேரும் கீழ நிக்கோம், வெறும் கயித்தப் பிடிச்சுக்கிட்டு.

மூணாம் கிளாஸ் கழுதைக்கு. மத்த கிளாஸ் எங்களுக்கு. மொத்தம் ஒரு அறுபது எழுபது பேர் இருந்திருப்போம். மாடி ஹால்ல குடிலுக்குன்னு உப்பளத்துக்கார அக்கா ஒருத்தங்க எங்கேயோ சொல்லி வரவழைச்ச வைக்கோல் ரெண்டு கட்டு இருந்துச்சு, அத மொத ராத்திரியே முடிச்சிருச்சு. ரெண்டாம் நாள் சார்ட் பேப்பர் நட்சத்திரம். அப்புறம் செவுத்துல தொங்குன ஏழாம் வாய்ப்பாட்டுல பாதி, ஏழு அஞ்சு வரைக்கும் இருக்கு, அதுக்கு மேல கழுதைக்குத்தான் தெரியும். பிள்ளைங்களுக்கு அந்தக் கழுதை மேல ஒரு மரியாதையே வந்துருச்சு.

சாப்பாட்டுக்குக் கொறை இல்ல. சத்துணவு ரூம் சாமான மொத ராத்திரியே மாடிக்கு ஏத்திட்டோம், அரிசி, பருப்பு, அட்டை அட்டையா முட்டை. ஆனா சத்துணவு அக்கா கணக்குல எமன். மழையில வீடு போச்சுன்னு அழுதுக்கிட்டு இருக்குறவங்ககிட்ட கூட அவிச்ச முட்டையக் குடுத்துட்டு "பேரு?"ன்னு நோட்ட நீட்டுவாங்க. "நாளைக்கு ஆபீசர் வந்து கேட்டா நான் யாரக் காட்டுவேன்"னு அவங்க நியாயம் அவங்களுக்கு. மூணு நாள்ல நான் தின்ன முட்டை அஞ்சு. நோட்டுல ஆறுன்னு இருக்கு. இன்னும் அந்த வழக்கு முடியல.

ரெண்டாம் நாள் சாயங்காலம் சிஸ்டர் எனக்கும் இன்னும் நாலஞ்சு பெருசுங்களுக்கும் சின்ன டம்ளர்ல டீ குடுத்தாங்க. பால் டீ! ஊர்ல பால் பாக்கெட்டையே கண்ணால பாக்க முடியாத நேரம். கொஞ்சம் தண்ணியா, லேசா இனிப்பா, ஆனா அந்தக் குளிருக்கு அமிர்தம். எனக்கு வெளங்கவே இல்ல, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சேன். முந்தின ராத்திரி கைக்குழந்தைங்களுக்குப் பச்சப் பால் குடுக்கணும்னு ஆச்சிங்க ஒரு பக்கம், கூடவே கூடாதுன்னு சிஸ்டர் ஒரு பக்கம் ஒரு பஞ்சாயத்து நடந்துச்சே, அது எந்தப் பாலுன்னு எனக்கு டீ முடிஞ்ச அப்புறம்தான் மண்டைல ஏறுச்சு. சிஸ்டரப் பாத்தேன். "நல்லாக் கொதிக்க வச்சுட்டேன் சார்"னாங்க. பால்காரர் ரொம்பப் பெருமையா, "சங்கு நூறு ரூபா சார், உங்களுக்குன்னு சும்மா"ன்னாரு. என் மச்சான் காதுக்கு இது போகவே கூடாதுன்னு நெனச்சேன், மறுநாள் கடற்கரைப் பசங்க ஃபைபர் படகக் கொண்டாந்து எங்க தெருவுல ஓட்டுனாங்கல்ல, ரொட்டி, தண்ணி கேனோட மொதப் படகுல வந்து எறங்குனதே அவன்தான், எறங்குன ரெண்டாவது நிமிஷம் யாரோ சொல்லிட்டாங்க.

தண்ணி வடிஞ்சு வீடு கழுவி முடிக்கவே கிறிஸ்துமஸ் போயிருச்சு. என் கடைல மிஷின் ரெண்டும் அவுட்டு, அந்தக் கதை வேண்டாம். ஜனவரில ஸ்கூல் தொறந்ததும் சிஸ்டர் வந்தாங்க.

"சார், ஒரு சின்ன டவுட்டு. ஜனவரி 6 மூணு ராஜாக்கள் திருநாள், சனிக்கிழமை. அதுவரைக்கும் கிறிஸ்துமஸ் கொண்டாடலாம்தானே?"

செந்தூர் முருகனக் கும்புடுற ஜெராக்ஸ் கடைக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது? கொண்டாடலாம் சிஸ்டர்னேன். வேற என்ன சொல்றது.

இந்த ஸ்கூல்ல நாடகம்னா எந்தப் பிள்ளையையும் விட மாட்டாங்க, அது சிஸ்டரோட சட்டம். அதுனால மூணு ராஜாக்கள் எங்க ஸ்கூல்ல ஏழு பேரு. இடையருங்க பத்து, ஆடு பதினெட்டு, என் மக அதுல ஒரு ஆடு. சம்மனசுங்களுக்கு, அதான் தேவதூதருங்களுக்கு, டெய்லர் பாய் கொசுவலைல தச்சு வச்ச எறக்கை எல்லாம் வெள்ளத்துல ஊறி பழுப்பாப் போச்சு, உப்பளத்து அக்கா புது உப்புச் சாக்கு கொண்டாந்து குடுத்தாங்க, வெள்ள வெளேர்னு இருந்துச்சு, பாய் ஒரே ராத்திரில தச்சுட்டாரு. என்ன, மெயின் சம்மனசு மேடைல திரும்புனா முதுகுல "அயோடின் கலந்தது, நிகர எடை 50 கிலோ"ன்னு இருக்கு. அந்தப் பய மொத்தமே பதினாறு கிலோதான்.

கழுதை இல்ல, பால்காரர் ரோடு சரியானதும் கெளம்பிட்டாரு. அதக்கூட சமாளிக்கலாம், ஆனா குழந்தை இயேசு சுரூபத்தக் காணோம். உள்ளங்கை அளவுதான் இருக்கும், ரொம்பப் பழசு. வெள்ளத்தன்னைக்கு இருட்டுல யாரோ பத்திரமா எடுத்து வச்சாங்க, யாருன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. பீரோ, பூசைச் சாமான் வைக்குற சாக்ரிஸ்தி ரூம், கழுதை இருந்த கிளாஸ், ஒரு எடம் விடல. (கழுதை தின்னுருக்குமோன்னு அண்ணாச்சி மெதுவா ஒரு சந்தேகத்தக் கிளப்புனாரு, சிஸ்டர் பாத்த பார்வைல அத வாபஸ் வாங்கிட்டாரு.) கடைசில மொத்த ஸ்கூலும் அந்தோனியார் சுரூபம் முன்னாடி நின்னு செபம் சொல்லுச்சு, ஏழு ராஜாவும் பதினெட்டு ஆடும் உப்புச் சாக்குச் சம்மனசுங்களும் கண்ண மூடிக்கிட்டு.

நாடகம் ஆரம்பிச்சிருச்சு. மாதாவா நடிச்ச அஞ்சாம் கிளாஸ் பிள்ளை ஒரு டவல சுருட்டி வச்சுத் தாலாட்டுது, பெத்தவங்க எல்லாரும் செல்ல தூக்கிப் பிடிச்சு ஒருத்தர் தலைய ஒருத்தர் வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கோம். அப்ப சத்துணவு ரூம்ல இருந்து ஒரு கத்து.

"சிஸ்டரேய்! முட்டைக் கணக்குல ஒண்ணு கூடுது!"

அழுகுன முட்டைய எல்லாம் தூரப் போடுறதுக்கு அக்கா எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. அடி அட்டைல, ஒரு குழிக்குள்ள, துணில சுத்தி, பத்திரமாப் படுத்திருக்காரு குழந்தை இயேசு. அக்கா அத மூக்கப் பிடிச்சுக்கிட்டே மேடைக்குக் கொண்டு வந்தாங்க, நாத்தம்னா நாத்தம், மொத ராஜா தூபம் காட்டணும், அவன் காட்டிட்டு நிறுத்தவே இல்ல. ஹால் முழுக்க கைதட்டு, டெய்லர் பாய் கண்ணத் தொடைக்குறாரு, சிஸ்டர் சிரிக்குறாங்களா அழுகுறாங்களான்னு தெரியல, சத்துணவு அக்கா மட்டும் "இத நான் எப்படி நோட்டுல வரவு வைக்க"ன்னு அண்ணாச்சிகிட்ட சண்டை.

அந்தோனியாராலதான் கெடைச்சுதுன்னு எல்லாப் பிள்ளைகளும் குதிக்குது, என் மக மட்டும் ஆட்டுக் காத மாட்டிக்கிட்டு மூஞ்சத் தூக்கி வச்சு ஓரமா உக்காந்திருந்தா. என்ன பாப்பான்னு கேட்டேன்.

"மாத்திக் குடுத்துட்டாருப்பா. நான் கேட்டது வெள்ளத்துல போன என் வலது கால் ஷூ."