இலவசச் சேறும் எங்கள் மணலும்

பக்டரிக் கழிவுச் சேற்றைத் தோட்டத்துக்குப் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் முதல் கேள்வி, எந்தப் பக்டரி? 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, சும்மா வருகிற எதற்கும் கை நீளத்தான் செய்யும், அதைக் குறை சொல்லமாட்டேன்.

திருகோணமலையில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயம் வைக்கிறவர்களுக்கு எங்கள் மணலைத் தெரியும். காலையில் இறைத்த தண்ணீர் மத்தியானம் இருக்காது, போட்ட யூரியாவும் அதோடு கீழே போய்விடும். அதனால்தான் மாட்டெரு, சருகு, கிளிசரியா இலை என்று போட்டுக்கொண்டே இருக்கிறோம். சேற்றிலும் உக்கல் பொருள் இருக்கிறது, சிலதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கிறது, அது பொய்யில்லை. சீனி ஆலையில் கரும்புச் சாற்றைத் தெளிய வைக்கும்போது மிஞ்சும் சேற்றை நன்றாக உக்கவிட்டுத் தந்தால் நானே போடுவேன் (கந்தளாய் ஆலைதான் மூடிக் கிடக்கிறதே). கடதாசி ஆலைச் சேறு வேறு மாதிரி. அதில் நாரே அதிகம், அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகி நிற்கும்.

தோல் பதனிடும் இடம், பற்றறி, உலோகப் பூச்சு வேலை நடக்கிற இடம் என்றால் கிட்டவும் எடுக்காதீர்கள். அந்தச் சேற்றில் வரக்கூடிய குரோமியம், ஈயம், கட்மியம் மாதிரியான நஞ்சுப் பார உலோகங்கள் எல்லாம் உக்கிப் போகிற சாமான்கள் இல்லை. சேறு காய்ந்தால் நல்ல கறுப்பாகக் கையில் உதிரும், மாட்டெருவை விடச் சுத்தமாகத் தெரியும், பார்த்தோ மணந்தோ கட்மியத்தைக் கண்டுபிடிக்க முடியாது. களிமண் என்றாலாவது கொஞ்சம் பிடித்து வைக்கும், எங்கள் மணல் அதையும் விட்டுவிடும், கீழே இருப்பதோ நாங்கள் குடிக்கிற கிணற்றுத் தண்ணீர்.

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை வயல்களுக்குச் சுரங்கக் கழிவோடு கட்மியம் வந்து, அந்தச் சோற்றைத் தின்ற சனங்களின் எலும்பு நொறுங்கியது. 1968இல் அரசாங்கமே காரணத்தை ஒத்துக்கொண்டது, ஆனால் வயல் மண்ணைத் திருத்தி முடிக்க 2012 ஆகிவிட்டது. சேறு கொண்டுவருகிறவரிடம் பார உலோகப் பரிசோதனை ரிப்போட்டைக் கேளுங்கள், அதை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், உங்கள் மண்ணின் புளிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புளிப்பு மண்ணில் கட்மியம் இன்னும் சுலபமாகப் பயிருக்குள் ஏறும். ரிப்போட் இல்லை என்றால் லொறியைப் படலையோடு திருப்பி அனுப்புங்கள்.